பழம்பொருள் பாதுகாப்பைத் தொழிலாக எடுக்க விரும்புவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியல், வரலாறு, நுண்கலை படித்தவர்கள், நூலகப் பணியில் இருப்பவர்கள், ஸ்தபதி குடும்பத்துப் பிள்ளைகள் என்று பலரும் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். கட்டணம், வயது வரம்பு, உதவித்தொகை ஆகியவை ஆண்டுதோறும் மாறுபவை. அவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பாட்சியர், ரிஜிஸ்திரார், கன்சர்வேட்டர்: யாருக்கு என்ன வேலை?

காப்பாட்சியர் சேகரிப்பின் பொறுப்பாளர். ஒரு பொருள் எந்தக் காலத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, எதைக் காட்சிக்கு வைப்பது என்பதெல்லாம் அவர் கையில். பதிவேடு, பொருள் எண், இருப்பிடம், இரவல் ஆவணம் ஆகியவற்றைப் பார்ப்பவர் ரிஜிஸ்திரார். மாவட்ட அருங்காட்சியகங்களில் அந்த வேலையும் பெரும்பாலும் காப்பாட்சியர் மேல்தான் விழும். கன்சர்வேட்டர் பொருளின் உடலைப் பார்ப்பவர். அது எதனால் ஆனது, எதனால் கெடுகிறது, கெடுவதை எப்படி நிறுத்துவது என்பதே அவர் கேள்வி.

இந்த மூன்றையும் தாண்டி, சிலை நிற்கத் தாங்கி செய்பவர், பொருளைப் பெட்டியில் அடைத்து ஊர் விட்டு ஊர் கொண்டு செல்பவர், சுவடிகளை ஸ்கேன் செய்பவர், முப்பரிமாணப் படம் எடுப்பவர் என்று பல வேலைகள் உண்டு. ஆவணப் புகைப்படம் நன்றாக எடுக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்தத் துறையில் கதவு சீக்கிரம் திறக்கும்.

கன்சர்வேட்டரின் வேலை நாள் எப்படி இருக்கும்?

நினைப்பதைவிட அதிகமாக எழுத வேண்டியிருக்கும். பொருள் மேசைக்கு வந்ததும் எண்ணைச் சரிபார்த்து, அளந்து, எடை போட்டு, நான்கு பக்கமும் மேலும் கீழும் அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்துப் படம் எடுக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து இன்னொரு படம் எடுத்தால் விரிசல், மேடு, பழைய ஒட்டு எல்லாம் நிழலில் தெரியும். பிறகு நிலை அறிக்கை. ‘சேதமடைந்துள்ளது’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘இடது மணிக்கட்டின் உள்பக்கம் 4 மி.மீ. அகலத்தில் வெளிர்பச்சைப் பொடி, தொட்டால் உதிர்கிறது’ என்று எழுதினால்தான் ஓராண்டு கழித்து நோய் வளர்ந்ததா நின்றதா என்று ஒப்பிட முடியும்.

அதன் பிறகே சோதனை. கண்ணில் படாத ஒரு மூலையில், பஞ்சுக் குச்சியில் முதலில் தண்ணீர், அடுத்து எத்தனால், அடுத்து அசிட்டோன் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பஞ்சில் வண்ணம் ஏறினால் அங்கேயே நிறுத்த வேண்டும். எதைச் செய்தாலும் பின்னால் வருபவர் அதைப் பிரித்தெடுக்க வழி இருக்க வேண்டும். போதும் என்று கையை எடுக்கத் தெரிவதே இந்தத் தொழிலில் கடினமான பாடம். பொருள்கள் பாழாவது புறக்கணிப்பால் மட்டுமல்ல, ஆர்வம் மிகுந்த சுத்தப்படுத்தலாலும்தான்.

வேதியியல் படித்தவர்கள்தான் வர முடியுமா?

இல்லை. ஆனால் வேதியியலைத் தவிர்த்துவிட்டு நெடுந்தூரம் போக முடியாது. கரைப்பான்கள், அமில கார நிலை, உப்புகள், பாலிமர்கள், அரிமானம் ஆகிய ஐந்தும் பட்டப்படிப்பு அளவில் தெரிந்திருக்க வேண்டும். வரலாறு அல்லது நுண்கலை படித்தவர்கள் பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கலாம். வேதியியல் பட்டதாரிகளுக்கு வேறு குறை இருக்கும். பல்லவர் சிற்பத்தையும் நாயக்கர் சிற்பத்தையும் பிரித்தறியத் தெரியாது, கை நிதானம் பழகியிருக்காது. அவர்கள் பென்சில் வரைதலாவது கற்றுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் எங்கே கற்கலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதன் வேதியியல் ஆய்வகம் 1930-இல் அமைந்தது. இந்திய அருங்காட்சியகங்களில் பாதுகாப்புக்கென்று எழுந்த முன்னோடி ஆய்வகம் அது. அங்கே பணியாற்றிய எஸ்.பரமசிவன் வெண்கலங்களுக்கு மின்பகுப்பு முறையைக் கையாண்டார், தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்கள் தீட்டப்பட்ட முறையையும் ஆராய்ந்தார். உள்ளகப் பயிற்சி கேட்பவர்கள் கல்லூரியின் கடிதத்தோடும், எந்தப் பொருளில் என்ன கற்க வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்போடும் அணுகினால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்று எழுதும் விண்ணப்பம் பெரும்பாலும் கோப்பிலேயே தங்கிவிடும்.

மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் இயங்கும் தமிழ்நாடு தொல்லியல் மற்றும் அருங்காட்சியகவியல் நிறுவனம் நுழைவுத் தேர்வு வைத்து, உதவித்தொகையோடு இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. அகழாய்வு, கல்வெட்டு, அருங்காட்சியகவியல் மூன்றும் அதில் சேர்ந்தே வரும். முதுகலை முடித்தவர்களுக்கு உரியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடி, அரிய கையெழுத்துச் சுவடி, கல்வெட்டியல் துறைகள் இருக்கின்றன. மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957-இல் தொடங்கியது. கல், மரம், சுதை, உலோகம் ஆகியவற்றில் மரபுவழிக் கைத்திறன் அங்கே கிடைக்கும். சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கென்று ஒரு தேசிய மையம் இருக்கிறது. கட்டடப் பொறியாளர்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

தமிழ்நாட்டுக்கு வெளியே?

பொருள்களைக் கையால் தொட்டுச் செய்யும் பயிற்சிக்கு முதலில் பார்க்க வேண்டியது நொய்டாவிலுள்ள இந்திய மரபு நிறுவனம். முன்பு டெல்லி தேசிய அருங்காட்சியகத்தோடு இணைந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தது. கன்சர்வேஷனில் இரண்டாண்டு முதுகலைப் பட்டம் தருகிறது. அருங்காட்சியகவியலுக்கு பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகமும் கல்கத்தா பல்கலைக்கழகமும் பழைய பெயர் பெற்றவை. கட்டடப் பாதுகாப்புக்கு, பி.ஆர்க். முடித்தவர்கள் டெல்லி, போபால் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலோ (எஸ்.பி.ஏ.) அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலோ முதுநிலை படிக்கலாம்.

இந்தியத் தொல்லியல் துறையின் தீனதயாள் உபாத்யாயா தொல்லியல் நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. இரண்டாண்டுப் பட்டயம், மிகக் குறைவான இடங்கள். 2020 அறிவிக்கையில் தகுதிக்குரிய செம்மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பின் சேர்க்கப்பட்டது. ஆகவே தமிழ் முதுகலை படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். இதை அறியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

வேலையை விடாமல், சில வாரங்களில் கற்க வழி உண்டா?

உண்டு. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் பள்ளி, நூல், சுவடி, ஆவணம் ஆகியவற்றைப் பேணுவதற்குச் சில வாரச் சான்றிதழ்ப் பயிற்சிகளை நடத்துகிறது. நூலகர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. லக்னோவில் 1976-இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் பயிலரங்குகள் நடத்துகிறது. அதன் வட்டார ஆய்வகம் மைசூரில் இருப்பதால் நமக்கு எட்டும் தூரம்தான். பாரம்பரியப் பாதுகாப்புக்காக 1984-இல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்கு லக்னோ, டெல்லி, பெங்களூரு உள்ளிட்ட ஊர்களில் பாதுகாப்புக் கூடங்கள் உண்டு. அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்து வேலை கற்றவர்கள் பலர்.

ஒரு வாரப் பயிலரங்கின் சான்றிதழை வைத்துக்கொண்டு அசல் பொருளில் கை வைக்கத் தொடங்கிவிடக் கூடாது. பயிலரங்கு கண்ணைத் திறக்கும். கை பழக ஆறு மாதமாவது ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்தாக வேண்டும்.

எந்தப் பொருளில் சிறப்புத் தேர்ச்சி பெறுவது நல்லது?

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் பொருளைத் தேர்ந்தெடுங்கள். நம் பக்கம் குவிந்து கிடப்பவை வெண்கலம், ஓலை, கல், சுவரோவியம், மரத்தேர்கள், தஞ்சை ஓவியங்கள், அகழாய்வுப் பானைகள், அகழாய்வு இரும்பு. கீழடி அருங்காட்சியகம் 2023-இல் திறந்தது, ஆதிச்சநல்லூரிலும் களத்திலேயே அருங்காட்சியகம் வந்துவிட்டது. அகழாய்விலிருந்து வரும் பானையையும் இரும்பையும் கையாளத் தெரிந்தவர்கள் இன்னும் மிகக் குறைவு. துணி, புகைப்படம், ஒலிநாடா ஆகியவற்றிலும் அப்படியே. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும் என்பவரைவிட, இரும்பில் மட்டும் ஆழமாகத் தெரிந்தவரைத்தான் தேடி வருவார்கள்.

வெண்கலத்தில் உண்மையில் என்ன கற்க வேண்டும்?

முதலில் பச்சைக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம். இறுக்கமாக, வழவழப்பாக, கரும்பச்சையாக இருப்பது களிம்புப் படலம். அது உலோகத்தைக் காக்கிறது, தொடக் கூடாது. வெளிர்பச்சையில், பொடியாக, புள்ளி புள்ளியாகக் கிளம்புவது வெண்கல நோய். புதையலாகக் கிடைத்த சிலைகளில் இது அதிகம். மண்ணிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கியிருக்கும். வெளியே எடுத்ததும் ஈரமும் ஆக்சிஜனும் கிடைக்க, பச்சைப் பொடியாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் புதிதாகச் செம்பைத் தின்னும். சுழற்சி தானாக நிற்காது.

சிகிச்சையின் வரிசை பொதுவாக இப்படி. உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் குச்சியாலோ சிறு கத்தியாலோ பொடியைக் குழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். நோய் பரவலாக இருந்தால் 5 விழுக்காடு சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் ஊறவைத்து, கரைசலை வாரந்தோறும் மாற்றலாம். மாதக்கணக்கில் போகும். கழுவிய நீரை நைட்ரிக் அமிலமிட்டுச் சிறிது அமிலமாக்கி, வெள்ளி நைட்ரேட் துளி விட்டால் வெண்மையாகக் கலங்கும் வரை குளோரைடு இருக்கிறது என்று பொருள். அமிலமாக்காமல் விட்டால் கார்பனேட்டே கலங்கி உங்களை ஏமாற்றும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். அதிக நாள் ஊறினால் களிம்பின் நிறமே மாறிவிடுவதும் உண்டு. அதனால் பலர் ஊறவைப்பதைத் தவிர்த்து, செம்பு அரிப்பதைத் தடுக்கும் பென்சோட்ரையசோலின் 3 விழுக்காடு எத்தனால் கரைசலில், முடிந்தால் வெற்றிடத்தில், ஒரு நாள் வைத்து எடுப்பார்கள். மேலே படிகம் தங்கினால் எத்தனால் பஞ்சால் துடைத்து, அக்ரிலிக் பூச்சு ஒன்று. இந்தச் சிகிச்சை நோயை அடக்கும், குணப்படுத்திவிட்டது என்று சொல்ல முடியாது. சுற்றியுள்ள ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே நிற்காவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் பச்சைப் பொடி மறுபடி வரும்.

புளி போட்டுத் தேய்ப்பதைப் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். புளியிலுள்ள அமிலம் களிம்போடு உலோகத்தையும் சிறிது கரைக்கும். பல்லாண்டு தேய்த்த சிலையில் கண், விரல் நகம், அணிகலனின் நுணுக்கம் எல்லாம் மழுங்கியிருப்பதைக் கோயில்களில் பார்க்கலாம். வழிபாட்டில் இருக்கும் திருமேனிக்கு அபிஷேகத்தை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அபிஷேகத்துக்குப் பின் நல்ல நீரால் கழுவி, மடிப்புகளில் ஈரமில்லாமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லலாம், தேய்ப்பதைக் குறைக்கச் சொல்லலாம். அர்ச்சகரோடு மரியாதையாகப் பேசி இதை ஏற்கவைப்பதும் கன்சர்வேட்டரின் வேலைதான்.

ஓலைச்சுவடிக்கு?

பனையோலை தடிமன், நார் அதிகம். தாளிப்பனை ஓலை மெல்லியது, வளையும். இரண்டுக்கும் ஒரே கை உதவாது. தமிழ்ச் சுவடிகள் எழுத்தாணியால் கீறி, பிறகு கரி தடவியவை. எனவே எத்தனாலும் தண்ணீரும் கலந்து ஒற்றித் துடைத்தால் கீறல் அழியாது, கரி மட்டும் கொஞ்சம் போகும். ஆனால் மையால் மேலே எழுதிய ஓலை வடக்கிலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம். அதில் ஈரம் பட்டால் எழுத்தே போய்விடும். முதல் ஓலையின் ஓர் எழுத்தின் ஓரத்தில் சோதிக்காமல் எந்தக் கட்டையும் தொடாதீர்கள்.

வேலையின் வரிசை: கட்டின் பக்கவாட்டுப் படம். ஓலைகளின் எண் வரிசை. வரிசை தவறியிருந்தால் அப்படியே குறித்துக்கொண்டு, ஏட்டெண்ணைப் பார்த்து அறிஞர் ஒருவர் சொன்ன பிறகே மாற்றம். மென்தூரிகையால் தூசி. ஒட்டிக்கொண்ட ஓலைகளை வெறும் கையால் இழுத்தால் மேல்தோல் உரிந்து எழுத்து போகும். ஈரப்பத அறையில் மெதுவாக இளக வைத்து, மெல்லிய மூங்கில் தகட்டால் பிரிக்க வேண்டும். அங்கே பூஞ்சை வராமல் நேரத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். துடைத்தபின் எலுமிச்சைப்புல் எண்ணெய், பஞ்சில் ஒற்றும் அளவு. எண்ணெய் மிகுந்தால் ஓலை பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, மிகுதியைத் துடைத்துவிடுவார்கள். கயிற்றைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் துளையிலிருந்து விரிசல் ஓடும்.

பூச்சிக்கு வசம்பு வைப்பது நல்ல பழக்கம், அது விரட்டுமே தவிர உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. கொல்ல வேண்டுமானால் காற்றுப் போகாத பாலித்தீன் பையில் அடைத்து, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் குளிர்ந்த ஓலை மேல் நீர் பூக்கும்.

பழைய தாளை ஒட்டக் கற்பது எப்படி?

நூலக விற்பனையில் கிடைக்கும் மதிப்பில்லாத பழைய புத்தகத்தில் பழகுங்கள். கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் நான்கைந்து பங்கு. சற்று ஊறவைத்து, மெல்லிய தீயில் அரை மணி நேரத்துக்குமேல் கிளறிக்கொண்டே இருங்கள். கண்ணாடி போலத் தெளிந்ததும் ஆறவிட்டு, சல்லடையில் இரண்டு மூன்று முறை தேய்த்து எடுங்கள். கடையில் வாங்கும் மைதா வேண்டாம், அதிலுள்ள புரதம் பூச்சியை அழைக்கும். நம் வெக்கையில் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், அன்றன்று தேவைக்கே காய்ச்சுவது மேல். கெடாமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் இருந்தது. செம்பு அயனிகள் தாளின் செல்லுலோஸை வேகமாகச் சிதைக்கும். சேர்க்கவே கூடாது. செலோடேப்பும் அப்படியே. பிசின் தாளுக்குள் இறங்கிப் பழுப்பேறிவிட்டால் முழுதாக எடுக்க முடியாது.

கிழிசலின் இரு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, ஜப்பானிய மெல்லிழைத் தாளைக் கையால் கிழித்து, இழை ஓரத்தோடு ஒட்டி, பாலியெஸ்டர் துணியும் ஒற்றுத்தாளும் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். கத்தரியால் வெட்டிய ஓரம் நாளடைவில் அசல் தாளில் மடிப்புக் கோடு விழச் செய்யும்.

கல்லும் சுண்ணாம்பும்?

பழைய செங்கல், சுதைக் கட்டடத்தில் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் துறை புரிந்துவிடும். சிமெண்ட் வழியாக ஈரம் வெளியேறாது. அது பக்கத்திலுள்ள மென்மையான செங்கலுக்கோ கல்லுக்கோ தள்ளப்படும். அங்கே உலரும்போது உப்பு படிகமாகி மேற்பரப்பைப் பொடியாக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், தானே முதலில் உதிரும், கல் பிழைக்கும்.

நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் நீரில் மூழ்கவைத்து, சலித்து, ஒன்றுக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு கழுவிய மணலோடு அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் மரபு. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அடுத்த சில வாரம் ஈரச் சாக்குப் போட்டு நிழலில் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி இறுகுவதற்கு ஈரம் தேவை. சித்திரை வெயிலில் இரண்டே நாளில் காய்ந்துவிட்டால் மேலே வெடிப்பும் உள்ளே பொடியுமாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘சுண்ணாம்பு தாங்காது’ என்று ஒப்பந்ததாரர் சிமெண்டுக்குப் போய்விடுவார். பெரும்பாலும் குறை சாந்தில் இல்லை, காப்பதில்தான்.

கல்லில் உப்பு இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் குழைத்த தாள்கூழை ஒன்றிரண்டு செ.மீ. கனத்தில் அப்பி, உலர்ந்ததும் உரித்து, ஊறவைத்த நீரில் உப்பின் அளவைச் சோதித்து, குறையும் வரை திரும்பச் செய்வார்கள். மணலை வீசிக் கல்லைச் சுத்தம் செய்யும் முறையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க வேண்டாம். கல்வெட்டெழுத்தின் விளிம்பு போனால் திரும்பாது.

நம் வெப்பநிலைக்கு ஐரோப்பியப் பாடப்புத்தகம் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. பாராலாய்டு பி-72 என்ற பிசின் உலகெங்கும் பயன்படுவது. அது இளகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 40 டிகிரி. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் கிடங்கு அந்த வெப்பத்தை எட்டும். அப்போது ஒட்டிய பானை மெதுவாகச் சரியும், பூச்சில் தூசி பதியும். அத்தகைய இடத்தில் 50 டிகிரி வரையோ அதற்கு மேலோ தாங்கும் பி-48என் அல்லது பி-44 போன்றவற்றைக் கலந்தோ தனியாகவோ கையாள்வார்கள்.

காட்சிப் பெட்டியும் கவனிக்க வேண்டியது. ஒட்டுப்பலகையிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கும். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். பெட்டிக்குப் பயன்படுத்தும் பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு சிறிது நீரும் வைத்து மூடிய கண்ணாடிக் குழாயில் 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பது ஆடி (Oddy) சோதனை. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம், முதுகலை ஆய்வுக்கும் நல்ல தலைப்பு. துணிக்கும் தாளுக்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்குள். பூஞ்சை வராமலிருக்க ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ.சி.யைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவது, ஏ.சி.யே இல்லாததைவிட மோசம். நாள்தோறும் மரம் விரிந்து சுருங்கி, தஞ்சை ஓவியத்தின் சுதை வேலைப்பாடு பலகையிலிருந்து பெயர்ந்துவிடும்.

அரசு வேலை வாய்ப்பு எப்படி?

நல்ல வேலை, குறைந்த இடங்கள். மாநிலத்தில் காப்பாட்சியர், தொல்லியல் அலுவலர் போன்ற பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்ந்தெடுக்கிறது. ஒரு அறிவிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே சில ஆண்டுகள்கூட ஆகலாம். இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் கிளை 1917-இல் உருவான தொல்லியல் வேதியியலர் பணியிடத்திலிருந்து வளர்ந்தது. தலைமையகம் டேராடூனில். அதன் வேதியியலர் பணியிடங்களுக்கு வேதியியல் முதுகலை கேட்பார்கள். அரசுத் தேர்வை மட்டுமே நம்பிக் காத்திருக்காதீர்கள். காத்திருக்கும் காலத்தில் கை வேலையை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு இரண்டும் இல்லாமல் நிற்கிறார்கள்.

அரசுக்கு வெளியே யார் வேலை தருகிறார்கள்?

திட்ட அடிப்படையில் வேலை செய்பவர்களே இத்துறையில் அதிகம். தனியார் அருங்காட்சியகங்கள், மறைமாவட்டக் காப்பகங்கள், பல்கலைக்கழக நூலகங்கள், செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள், ஏல நிறுவனங்கள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற இடங்கள். விலை சொல்லும்போது பொருளின் சந்தை மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கேட்காதீர்கள், அது நெறியல்ல. வேலை மணி, பொருட்செலவு, ஆவணப்படுத்தல், போக்குவரத்து ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். ஆவணப்படுத்தலுக்குப் பணம் கேட்கக் கூச்சப்பட்டு இலவசமாகச் செய்பவர்கள் இரண்டாம் ஆண்டில் அதைச் செய்வதையே விட்டுவிடுகிறார்கள்.

சிலையை எடுத்துக்கொள்ளும் முன் உரிமை ஆவணம் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பம் தொல்பொருள். பதிவுச் சான்று இல்லாத பழைய செப்புத் திருமேனி ஒன்று உங்கள் மேசையில் இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்களும்தான். சான்று இல்லை என்றால் வேலையை ஏற்காதீர்கள்.

ஸ்தபதி குடும்பம், பட்டம் இல்லை. இடம் உண்டா?

நிச்சயம் உண்டு. மெழுகு வார்ப்பில் எங்கே குமிழ் விழும், எங்கே ஒட்டு வரும் என்று சுவாமிமலையில் வளர்ந்தவருக்குத் தெரிவது எக்ஸ்ரே படம் பார்ப்பவருக்கும் உதவும். மாற்றிக்கொள்ள வேண்டியது ஒரே மனநிலை. உடைந்த கையைப் புதிதாகச் செய்து முழுமையாக்குவது ஸ்தபதியின் தருமம். உடைந்தது உடைந்ததாகத் தெரியும்படி நிலைநிறுத்துவது அருங்காட்சியகத்தின் தருமம். இரண்டையும் மதிக்கத் தெரிந்தவர், கோயில் திருப்பணிக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவே பேசக்கூடிய அரிய ஆளாக இருப்பார்.

வெளிநாட்டில் படிக்க?

அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகம் போன்றவற்றின் முதுநிலைப் படிப்புகள் கரிம வேதியியல், கலை வரலாறு, ஓவியப் பயிற்சி மூன்றையும் கேட்கும். கூடவே மேற்பார்வையில் செய்த நூற்றுக்கணக்கான மணி நேர வேலையும் வேண்டும். அதனால்தான் மணிக்கணக்கை இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள், மேற்பார்வையாளர் கையொப்பத்தோடு. பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கென்று ரோமில் இயங்கும் பன்னாட்டு அமைப்பான இக்ரோமின் குறுகிய பயிற்சிகள் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு. பிரிட்டனில் குறுகிய காலம் பயில சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை நல்கை தருகிறது, மரபுப் பாதுகாப்பும் அதன் புலங்களில் ஒன்று.

இலங்கையில்?

களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. மத்திய கலாசார நிதியத்தின் திட்டங்களிலும் பயிற்சிக்கு இடமுண்டு. ஆவணமாக்கலில் நாட்டமுள்ளவர்களுக்கு ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும், 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ நிறுவனம் சரியான இடம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த சுவடிகளின் படிகூட எஞ்சாமல் போனதை அறிந்த சமூகத்துக்கு ஸ்கேன் செய்வதன் அவசரத்தை விளக்க வேண்டியதில்லை.

உடல்நலக் கேடு உண்டா?

உண்டு. அருங்காட்சியகங்களில் பழைய காலத்தில் பதப்படுத்திய விலங்குகளில் ஆர்சனிக் இருக்கும். பழைய பூச்சிமருந்தின் எச்சம் துணியிலும் தோலிலும் தங்கியிருக்கும். பென்சோட்ரையசோலைக் கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடக் கூடாது. பூஞ்சை பிடித்த சுவடிக் கட்டைத் திறக்கும்போது துணி முகக்கவசம் போதாது, என்-95 வேண்டும். கரைப்பான் வேலைக்கு அதுவும் போதாது, ஆவி உறிஞ்சும் கார்பன் வடிகட்டி பொருத்திய முகமூடி தேவை. இவற்றை வாங்கித் தராத இடத்தில் பயிற்சிக்குச் சேராதீர்கள்.

நேர்காணலுக்கு எதைக் கொண்டுபோவது?

மூன்று பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் முன், நடுவே, பின் என்று ஒரே கோணத்தில், ஒரே விளக்கில் எடுத்த படங்கள். நிலை அறிக்கை. சோதனை முடிவுகள். செய்த வேலை, பயன்படுத்திய பொருளின் பெயரும் செறிவும். இவற்றோடு, செய்யலாமா என்று யோசித்துச் செய்யாமல் விட்டது எது, ஏன் என்று ஒரு பத்தி சேருங்கள். தேர்வாளர்கள் நேரே அந்தப் பத்திக்குத்தான் போவார்கள். வீட்டுப் பழைய புத்தகமோ உடைந்த மண்சட்டியோ போதும், விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. பளபளவென்று தேய்த்த பித்தளைச் சிலையின் ‘பின்’ படத்தை மட்டும் அதில் வைக்காதீர்கள்.